பின்சக்கரத்தில் நிற்கும் காற்று

இது ராத்திரி நடந்தது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருட்டில் கண் ஏமாந்தது, தூக்கக் கலக்கம், எங்கோ ஓலை உரசிய சத்தம் என்றெல்லாம் சமாதானம் சொல்ல இதில் இடமே கிடையாது. பட்டப்பகல். பங்குனி மாத வெயில். திருவனந்தபுரம் பைபாஸ். மணி பன்னிரண்டரை.

நடந்தது இசக்கிசெல்விக்கு. அவள் கதை கட்டுகிற ஆள் அல்ல. தோவாளைக்காரி. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக்கடையில் பில் போடுகிறாள். ஆணி, போல்ட், வாஷர் என்று நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்துச் சரி சொல்லும் பிழைப்பு. கண்ட ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவளுக்கு வராது. அவள் சொன்னது சொன்னபடி இங்கே இருக்கிறது.

அன்றைக்கு ஹர்த்தால். கேரளத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பஸ் ஓடாது, ஆட்டோ ஓடாது, கடை திறக்காது. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. ஆனால் ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஏற்பாடு உண்டு. ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தால் கடை அடைப்பு. பாதி இறங்கியிருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது, அவசர வேலை நடக்கும். அப்படிப்பட்ட கடையில் குனிந்து முகம் பார்த்துப் பேசக்கூடாது. கட்சிக்காரர்கள் கண்ணில் பட்டால் கடைக்காரன்பாடு திண்டாட்டம். வெளியே நின்று, ரோட்டைப் பார்த்தபடி, வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஷட்டருக்கு அடியில் ஒரு கை நீளும். வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் மரியாதை. இசக்கிசெல்வியும் அந்த மரியாதையைத்தான் காட்டினாள்.

அவளுடைய தம்பி பிரஜின் கழக்கூட்டத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் கம்பி கட்டும் வேலை செய்தான். முந்தின நாள் சாரம் சரிந்து கீழே விழுந்துவிட்டான். பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யு.வில் கிடந்தான். சொந்தமாக மூச்சு இல்லை. வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள்.

வென்டிலேட்டர் என்றால் பயந்துவிட வேண்டாம். அதுவும் ஒருவகை பம்ப்தான். தொண்டைக்குள் ஒரு குழாய் போகும். மெஷின் காற்றை அளந்து உள்ளே தள்ளும், நெஞ்சு ஏறும். தள்ளுவதை நிறுத்தும், நெஞ்சு தானாக இறங்கிக் காற்று வெளியே வரும். க்ளக்… ஹ்ஸ்ஸ்ஸ். க்ளக்… ஹ்ஸ்ஸ்ஸ். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அவ்வளவுதான் இல்லாவிட்டால் மனிதன் இல்லை.

காலையில் செல்வியைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். அவன் காதருகே குனிந்தாள். "லேய், கண்ணத் தொறல. அம்மைக்கி நான் என்னன்னு சொல்லுவேன்?" இமை அசையவில்லை. வேறொரு நாளாக இருந்தால், "எக்கா, நீ வந்தது எனக்கு அப்பமே தெரியும். ஒனக்க பாரம் தாங்காம டயரு அழுத சத்தம் இங்க வர கேட்டுதுல்லா" என்று அவள் உடம்பைக் கேலி செய்திருப்பான். அன்றைக்கு மெஷின் மட்டும் பேசியது. க்ளக்… ஹ்ஸ்ஸ்ஸ்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திறந்து தைக்க வேண்டும், அதற்கு முன் கையில் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அவனுடையது எளிதில் கிடைக்காத வகை. நகரத்துக்குள் ஒரு ரத்த வங்கியில் இரண்டு பை இருப்பதாகத் தகவல் வந்தது. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. செல்வி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ஒரு மணிக்குள்ள வந்தா தியேட்டருக்கு எடுத்துரலாம். மூச்சை மெஷின் பாத்துக்கும். ரத்தத்துக்கு நீங்க பாருங்க" என்றார் டாக்டர்.

பிரஜினின் மனைவி சுஜா வாசல் வரை வந்தாள். "மைனி, வேகம் போய் விழுந்து வச்சிராதீங்க. நான் அவனுக்க பக்கத்துலேயே நிக்கியேன்."

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பை ரத்தத்தையும் ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சாக்கை ஜங்ஷனில் கட்சிப் பையன்கள் நடுரோட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை நீட்டினான்.

"நில்லு சேச்சி. எங்கோட்டா ஈ பறக்குந்நது?"

"ஆஸ்பத்திரிக்கு. பெட்டியில ரத்தமாணு. தம்பிக்கு வேண்டி."

"எடா, கசேர மாத்தெடா! ரத்தம்னு கேட்டில்லே? சீட்டு தோத்த கோபம் ரோட்டில தீர்க்காதே." நாற்காலிகள் நகர்ந்தன. "போய்க்கோ சேச்சி. ஒந்நும் வரில்ல."

ஒன்றும் வராது என்று சொன்னான். அதற்குப் பிறகு அவள் பார்த்த வண்டி ஒன்றுமில்லை. ஆள் ஒருவருமில்லை. இருபக்கமும் அகன்ற ரோடு, மேலே வெயில், நடுவில் அவளுடைய ஸ்கூட்டர் சத்தம்.

ஆக்குளம் பாலம் தாண்டியதும் பின்பக்கம் திடீரென்று வழுக்கியது. தார் மேல் ரப்பர் சப்பிக்கொண்டு ஓடும் சத்தம். தப… தப… தப… ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். பின் டயர் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்தது.

இங்கேதான் முதல் தப்பு. அவள் வண்டியில் இருப்பது ட்யூப்லெஸ் டயர். உள்ளே ட்யூப் கிடையாது. டயரின் விளிம்பு ரிம்மை இறுக்கிப் பிடித்திருப்பதால் காற்று நிற்கிறது. ஆணி ஏறினாலும் அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெதுவாகக் கசியும். காலையில் குத்தினால் சாயங்காலம்தான் டயர் இறங்கும். அதனால்தான் அதை விரும்பி வாங்குகிறார்கள். ஒரே நொடியில் மொத்தக் காற்றும் போக வேண்டுமென்றால் டயர் கிழிந்திருக்க வேண்டும். வெடித்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். டயர் கிழியவில்லை. சத்தமும் கேட்கவில்லை. உஸ் என்றுகூட இல்லை.

போனை எடுத்துத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் ஊரின் மறுபக்கம், வெகுதூரத்தில் நெய்யாற்றின்கரையில் இருந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கினாள். வரிசையாக அடைத்த கடைகள். கடைசிக் கடையின் முன்னால் ஒரு பழைய டயர் தொங்கியது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

அவளுக்கு உயிர் வந்தது. வெளியே நின்றபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "சேட்டா, பங்க்சர் ஒட்டிச்சு தருமோ?"

உள்ளிருந்து ஓர் ஆண் குரல். தமிழில் பதில் வந்தது.

"கொண்டா மக்களே. பின்பக்கத்த உள்ள தள்ளு."

மகளையும் 'மக்களே' என்று கூப்பிடும் அவளுடைய ஊர்ப் பேச்சு. சாலைக் கடைத்தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழர்கள் ஏராளம். அதனால் அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. தான் மலையாளத்தில் கேட்டும் அவர் ஏன் தமிழில் பேசினார் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஸ்கூட்டரைத் திருப்பிப் பின்பக்கம் ஷட்டருக்குள் போகும்படி தள்ளி, நடு ஸ்டாண்ட் போட்டாள். முன்பாதி வெயிலில். பின்பாதி நிழலில். வெயிலில் நிற்பவருக்கு இருட்டுக்குள் எதுவும் பிடிபடாது. வாசலை ஒட்டிய ஒரு முழத் தரையில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. அந்த ஒரு முழத்தில் பின்சக்கரம் இருந்தது. இரண்டு கைகள் வந்தன.

சுத்தமான கைகள்.

அது இரண்டாவது தப்பு. டயரில் ரப்பரோடு கரியைக் கலந்திருப்பார்கள். டயரின் கறுப்பே அதுதான். பங்க்சர் ஒட்டுகிறவர்கள் எத்தனை சோப்பு போட்டாலும் நக ஓரத்தில் அந்தக் கறுப்பு தங்கிவிடும். இந்தக் கைகளில் ஒரு புள்ளி இல்லை. வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவை போல இருந்தன.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கி அண்ணாச்சி. தம்பிக்கி ரத்தம் கொண்டு போறேன். ஒரு மணிக்குள்ள போணும். கொஞ்சம் வேகம் பாருங்க."

கைகள் சோப்புத் தண்ணீரை டயரில் ஊற்றின. சக்கரத்தை மெல்லச் சுற்றின. ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்புளிக்கும். அதற்கு உள்ளே கொஞ்சமாவது காற்று வேண்டும். காற்றே இல்லாத டயரில் நுரையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் காற்று அடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். இது பங்க்சர் கடையில் ஒருமுறை நின்றவர்களுக்கும் தெரியும்.

அவர் காற்றே அடிக்கவில்லை.

"ஓட்ட இல்ல" என்றார்.

"ஓட்ட இல்லன்னா காத்து எங்க போச்சு?"

"இருந்த எடத்துக்கே போச்சு."

செல்வி ரோட்டைப் பார்த்தாள். வெயில் அப்படியே நின்றது. ஒரு காக்கைகூட இல்லை. ஷட்டருக்கு அடியிலிருந்து கால் விரல்களில் குளிர் ஏறியது.

"அப்பம் காத்து மட்டும் அடிச்சிருங்க அண்ணாச்சி. போயிருவேன்."

"காத்து இங்க கெடையாது, மக்களே." நிதானமான குரல். "எங்கேந்தாவது எடுத்துத்தான் அடிக்கணும். எடுக்கட்டா?"

கம்ப்ரஸரில் காற்று இல்லை, பக்கத்துக் கடையிலிருந்து குழாய் இழுக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதை நினைப்பாள்? கால்மாட்டில் ரத்தம் இருக்கிறது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

"எங்கேந்து வேணும்னாலும் எடுங்க. வேகம் அடிங்க. வழியில எறங்கிரப்பிடாது."

"சரி" என்றார்.

குழாய் எதையும் இழுக்கவில்லை. கை பம்ப் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது.

பம்ப் காற்றை உண்டாக்குவதில்லை. கைப்பிடியை மேலே இழுத்தால் வெளியிலிருந்து காற்றைக் குடிக்கும். கீழே அழுத்தினால் குடித்ததை டயருக்குள் தள்ளும். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் அடைக்கும். அவ்வளவுதான்.

மேலே.

க்ளக்…

கீழே.

ஹ்ஸ்ஸ்ஸ்.

செல்விக்கு அந்தச் சத்தம் எங்கோ கேட்டது போல இருந்தது. எங்கே என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. சுஜா.

"மைனி… எங்க இருக்கீங்க?"

"ஆக்குளத்துல. டயரு எறங்கிட்டு. காத்து அடிச்சிட்டிருக்கு. இந்தா வந்துருவேன்."

"மைனி, இவனுக்கு என்னமோ… எல்லாரும் ஓடியாறாவ… என்னைய வெளிய தள்ளுகாவ…"

போனுக்குள் ஏதோ கருவி விடாமல் அலறியது. அதற்குப் பின்னால் மெஷின் சத்தம்.

க்ளக்… ஹ்ஸ்ஸ்ஸ்.

ஷட்டருக்குள் பம்ப் சத்தம்.

க்ளக்… ஹ்ஸ்ஸ்ஸ்.

இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே தாளத்தில். ஒரு காதில் அது. ஒரு காதில் இது.

போன் கட்டாகிவிட்டது.

"அண்ணாச்சி!" செல்வி கத்தினாள். "வேகம் அடிங்க! வேகம்!"

பம்ப் வேகம் எடுத்தது.

க்ளக் ஹ்ஸ். க்ளக் ஹ்ஸ். க்ளக் ஹ்ஸ்.

டயர் எழும்பியது.

உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வேலை செய்கிறவர் வாங்குகிற மூச்சு இல்லை அது. அந்தச் சத்தம் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து…

பம்ப் நின்றது.

எல்லாம் நின்றது.

"ஆச்சு" என்றார். "ஒரு சொட்டு விடல்ல. எல்லாம் எடுத்தாச்சு."

அவள் குனிந்து ஸ்டாண்டை எடுத்தாள். அப்போதாவது நிமிர்ந்து உள்ளே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வண்டியை வெளியே இழுத்ததும் பின்னால் ஷட்டர் விழுந்தது. தரைவரை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஒரு மணிக்குள் வந்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினாள். ஐ.சி.யு. வாசலில் சுஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செல்வியைப் பார்த்துக் கையை மட்டும் விரித்தாள்.

நர்ஸ் ஜிஷா பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். பழக்கத்தில் செய்தது. ரத்தம் குளிர்ச்சியாகவே இருந்தது. கெட்டுப்போகவில்லை.

என்ன ஆனது என்று ஜிஷாதான் சொன்னாள். சின்னப் பெண்.

"மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல சேச்சி. நல்லா ஓடிட்டிருந்நு. ட்யூபும் சரி. பக்ஷே காத்து உள்ளே ஏறல்ல. வேற மெஷின் மாத்தி. அப்பவும் இல்ல. பின்ன கையில அமுக்குற பலூன் வச்சு ஞான்தான்னே அமுக்கி…" அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அமுக்கும்போ ஒரு கனம் உண்டாவும் சேச்சி. நெஞ்சு ஒந்நு எதிர்த்துத் தள்ளும். இன்னிக்கு ஒந்நும் இல்ல. நான் அமுக்கின காத்து மொத்தம் வேற எங்கேயோ போயிட்டிருந்நு. கடைசில வேகம் வேகமா போச்சு."

அந்த நிமிடத்தில் செல்விக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கீழே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. வெயிலில் நின்ற டயர் சுட வேண்டும். இது சுடவில்லை. மனிதர் உடம்பின் சூடுதான் இருந்தது.

பிரஜினின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கடையைத் தேடிப் போனாள். கடை அங்கேயே இருந்தது. நடத்துகிறவன் பெயர் ரெஜி. முப்பது வயதுக்காரன், விரல் நகம் முழுக்கக் கறுப்பு.

"ஹர்த்தாலுக்கு ஞான் கடை தொறந்நதே இல்ல சேச்சி. வெளியேந்து ரெண்டு பூட்டு" என்றான். தமிழ் பேசுகிற ஆள் யாரும் வேலைக்கு உண்டா என்று கேட்டாள். "ஆளா? எனிக்கே ஜோலி இல்ல!" என்று சிரித்தான். கை பம்ப் எங்கே என்றாள். சிரிப்பு நின்றது. "கை பம்ப் இப்ப ஆரு வச்சிருக்கு? கரண்ட் கம்ப்ரஸர்தான்." உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நாலு சுவர், டயர்கள், கம்ப்ரஸர். பின்வாசல் கிடையாது.

அதன் பிறகு செல்வி அந்த ஸ்கூட்டரை ஓட்டவில்லை. வாடகை வீட்டின் முன்னால், தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி வைத்தாள். விற்கவும் மனம் வரவில்லை. எந்த டயரும் சும்மா நின்றால் காற்று இறங்கும். ரப்பர் பார்க்கத்தான் கெட்டி. கண்ணுக்குத் தெரியாமல் அது வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஓட்டாத வண்டிக்கும் அவ்வப்போது காற்று அடிக்கச் சொல்வார்கள். ஓணம் வருவதற்குள் முன்டயர் தரையோடு ஒட்டிவிட்டது. பின்டயர் அடித்த அன்று இருந்தபடியே இருந்தது.

அம்மா பகவதியம்மாள் ஊரிலிருந்து மகளோடு வந்து இருந்துவிட்டாள். பிள்ளைக்கு ரத்தம் கொண்டு போன வண்டி என்பதால், பொழுதெல்லாம் அதன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, பின்சீட்டில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். கார்த்திகை மாதம் அவளுக்கு இளைப்பு ஆரம்பித்தது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். மூச்சை இழுக்கிறார், ஆனால் இழுத்தது போதவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வி ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் காற்றை விட்டுவிடுவது என்று. உள்ளே இருப்பது எதுவானாலும் போகட்டும். அம்மா முக்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். செல்வி சக்கரத்துக்கு அருகில் உட்கார்ந்து வால்வு மூடியைத் திருகி எடுத்தாள்.

வால்வுக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதுதான் காற்றைத் தடுத்து நிறுத்தும் கதவு. அதை அழுத்தினால் காற்று வெளியே வரும். அழுத்துவதற்குத் தீக்குச்சியைக் கொண்டு போனாள். குச்சி எங்கேயும் முட்டாமல் உள்ளே போனது.

ஊசி இல்லை.

வெறும் குழாய். மாதக்கணக்கில் அந்தச் சின்ன மூடிக்கு அடியில் திறந்தே கிடந்த குழாய். ஊசி இல்லாத டயரில் ஒரு நொடிகூடக் காற்று நிற்காது.

விரலை வைத்துப் பார்த்தாள்.

காற்று வெளியே வரவில்லை.

உள்ளே போய்க்கொண்டிருந்தது.

விரல் நுனியைக் குழாய் இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது… பின்னால் அம்மா மூச்சுக்குத் திணறும் சத்தம். இழுக்கும்போதெல்லாம் திணறல். விடும்போது இல்லை.

செல்வி எழுந்து ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்தாள். ரோட்டுக்கு, ஆற்றுக்கு, எங்காவது கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டும். ஸ்டாண்டைத் தட்டினாள்.

அம்மாவின் கை பின்சக்கரத்தின் மேல் வந்து விழுந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அவன் எடுக்கட்டும், மக்களே. எனக்கு எதுக்கு இவ்வளவு காத்து?"